லோதி ரோடிலிருந்து நேர்முக வர்ணனை

"மாப்பிள்ளை, என்ன சொல்றான் அவன்?"

ஜம்புவின் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளை நழுவி விழுந்தது. மாமனாரிடம் அவன் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. காலையிலிருந்து அதற்காகத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான். அதற்குள் அவர் முந்திக்கொண்டு ரேடியோவைக் காட்டிக் கேட்டுவிட்டார்.

கல்யாணமான இரண்டு வருஷத்தில் ஜம்பு மாமனாரிடம் பேசியது மூன்றே வார்த்தைகள். வாங்கோ, ஆமாம், சரி. அவனுடைய சுபாவம் அப்படி. ஆபீஸில் ஃபைல்கள்கூட அவனை விடச் சத்தம் போடும்.

இப்போது அவன் மனைவி ராஜலக்ஷ்மிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் குத்தாலம் அழைத்துப் போக மாமனார் வெங்கடேஸ்வரன் டெல்லிக்கு வந்திருந்தார். டெஸ்ட் மேட்ச் முடிந்த மறுநாள் ரயில். ராஜிக்குப் போக மனமில்லை. ஜம்புவுக்கு அனுப்ப மனமில்லை.

"நீங்களே அப்பாட்ட கேட்டுடுங்கோ. நான் கேட்டா, அம்மா காத்திண்டிருப்பான்னு ஒரே வார்த்தையில அடைச்சுடுவார்" என்று சொல்லிவிட்டாள் அவள். ஜம்புவும் ஐந்து நாள் லீவு போட்டிருந்தான்.

அது எழுபதுகளின் ஒரு டிசம்பர். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் அந்த மாதத்தில் வெயில் விழும் பால்கனிதான் வீட்டின் நல்ல அறை. அங்கே உட்கார இரண்டு பிரம்பு மோடா, கொறிக்க ஒரு பொட்டலம் மூங்ஃபலி என்கிற வேர்க்கடலை, ஒரு டிரான்சிஸ்டர். கீழே புல்தரையில் பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார்கள். ரேடியோ கொஞ்ச நேரம் இங்கிலீஷ் பேசும், கொஞ்ச நேரம் இந்தி.

"இந்தி எனக்கு வராது. இவன் இங்கிலீஷோ மெயில் வண்டி மாதிரி ஓடறது. நீங்க தமிழ்ல சொல்லுங்கோ மாப்பிள்ளை."

ஜம்பு சென்னையில் படித்தபோது ஹாஸ்டல் ரேடியோவில் தமிழ் வர்ணனை கேட்டிருக்கிறான். பந்து யாருக்காகவும் நிற்காது. அதனால் வர்ணனையாளர்கள் வினைச்சொல் தேடி நேரத்தை வீணாக்குவதில்லை. கைக்குக் கிடைத்த பெயர்ச்சொல்லுக்கு ஒரு வாலை ஒட்டி ஓட்டிவிடுவார்கள். வேறு வழி தெரியாமல் ஜம்புவும் ஒட்டினான்.

"பவுலர் ஓடி வரார்... ஆஃப்ஸ்பின்னினார்... பேட்ஸ்மேன் சிங்கிளினார்!"

"சிங்கிளினாரா?"

"ஆமாம்."

"பேஷ். ஆனா கொஞ்சம் நல்ல தமிழா இருந்தா தேவலை."

ஜம்பு தமிழைச் சீர் செய்தான். "பந்து வீச்சாளர் தமது வலக்கரத்தைச் சுழற்றி, ஆடுகளத்தின் நடுவே சற்றே தாழ்வாக..." என்று முடிப்பதற்குள் ரேடியோவில் மூன்று பந்து போய்விட்டது.

"அப்புறம் என்னாச்சு?"

என்னாச்சு என்று ஜம்புவுக்கும் தெரியாது. "பவுண்டரித்தார்" என்றான். மாமனார் தொடையைத் தட்டினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து இன்னொரு முறை பவுண்டரித்தான்.

டீ இடைவேளையில் கணக்குப் பார்த்தால், ஜம்புவின் இந்தியா ரேடியோவின் இந்தியாவை விட நாற்பத்தேழு ரன் கூட எடுத்திருந்தது. வேகத்தைக் குறைக்க ஒரே வழிதான் தோன்றியது. ஒரே ஓவரில் மூன்று பேரை அவுட்டாக்கினான்.

"பெவிலியனினார்! இவரும் பெவிலியனினார்!"

ஆனால் அவர்களில் ஒருவர் ரேடியோவில் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்.

"அவர் பேர் காதுல விழறதே மாப்பிள்ளை? அவர்தான் அப்பவே பெவிலியனினாரே!"

"இது... அவரோட தம்பி."

"தம்பியும் டீம்லயா?"

"ஆமாம் மாமா. அண்ணன் போனா தம்பி வரது வழக்கம்."

சமையலறையில் ராஜிக்கு இருமல் வந்தது.

மாடி வீட்டுப் பட்டாபி காபிப் பொடி வாங்க வந்தார். "என்ன சார் ஸ்கோர்?"

"ஏழு விக்கெட்" என்றான் ஜம்பு.

"ஏழா! இப்பத்தானே என் ரேடியோவில நாலுன்னு..."

"உம்ம ரேடியோவில பாட்டரி தீர்ந்திருக்கும்" என்றார் வெங்கடேஸ்வரன். பட்டாபி அவரைப் பார்த்தார், பொடியை வாங்கிக்கொண்டு மாடியேறினார்.

இரண்டாம் நாள் ஜம்பு மோடாவின் நுனிக்கு வந்திருந்தான். நான்காம் நாள் எழுந்து நின்றே வர்ணித்தான். கீழே பின்னல் ஊசிகள் நின்று கேட்டன. "குளிர்றது, ஸ்வெட்டருங்கோ மாப்பிள்ளை" என்று மாமனாரே சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ஆனால் ரேடியோவை அணைத்ததும் ஜம்புவின் நாக்கும் அணைந்துவிடும்.

"மாமா..."

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்லை. நாளைக்குப் பிட்ச் உடையும்."

ராஜி பெட்டியில் புடவைகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள். அடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மதியத்துக்குள் ஜம்புவின் கையில் ஆட்களே மீதமில்லை. அண்ணன்கள், தம்பிகள் எல்லோரும் பெவிலியனிவிட்டார்கள். ரேடியோவிலோ கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

"ஆட்டம் முடிஞ்சுடுத்துன்னேளே. எதுக்குக் கத்தறா?"

"பரிசளிக்கிறா."

"ரெண்டு மணி நேரமாவா?"

இனி வர்ணிக்க மேட்ச் இல்லை. ஆனால் ஐந்து நாள் ஓடிப் பழகிய வாய் நிற்க மறுத்தது.

"மாமா, ராஜி ரயில வேண்டாம்! இங்கேயே சஃப்தர்ஜங்கட்டும். பெரிய ஆஸ்பத்திரி, பக்கத்துலயே இருக்கு. வலி எடுத்தா நான் டாக்ஸிப்பேன். டாக்டரிப்பேன். மாமியும் இங்க வந்துடட்டும், ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியெல்லாம் நானே கூலிக்கிறேன். குழந்தையை முதல்ல... நான் முதல்ல பார்க்கணும் மாமா."

அதற்கு மட்டும் சரியான வினைச்சொல் தானாக வந்தது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. வெங்கடேஸ்வரன் ஒரு மூங்ஃபலியை உடைத்தார். பருப்பின் தோலை ஊதினார். மென்றார். ஜம்புவுக்கு ஒரு டெஸ்ட் மேட்ச் போனது போல இருந்தது.

"சரி, சஃப்தர்ஜங்கட்டும்" என்றார். "ராஜி அம்மாவை டெல்லியச் சொல்லிக் கடுதாசி போடறேன்."

மறுநாள் அவர் மட்டும் ரயிலேறினார். ஸ்டேஷனிலிருந்து திரும்பிய ஜம்பு மாடிப்படியில் பட்டாபியைப் பார்த்தான். மனசு உறுத்திக்கொண்டிருந்தது, பழக்க தோஷத்தில் வாயும் திறந்துகொண்டது.

"தப்புப் பண்ணிட்டேன் சார். ரேடியோ இங்கிலீஷ் புரியாத மனுஷரை அஞ்சு நாள் ஏமாத்திட்டேன்."

பட்டாபி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கு, அவருக்கா புரியாது? வாக்கிங்னு சொல்லிட்டு தினம் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, இங்கிலீஷ் நியூஸ்ல நிஜ ஸ்கோரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, 'ஆத்திர அவசரத்துக்கு நாலு பேரைக் கூப்பிட மாப்பிள்ளைக்கு வாய் இருக்குன்னு தெரியற வரைக்கும் என் பொண்ணை எப்படி ஓய் இங்க விடறது, நீர் மூச்சு விடாதேயும்'னு எனக்கு மைசூர்பாகு குடுத்துட்டுப் போவார் சார்!"