பத்திரிகையில் அம்புக்குறி வந்த விவரம்

சிரஞ்சீவி ஜீவகனுக்கு,

செஞ்சியிலிருந்து உன் தாய்மாமன் விருஷபதாஸ் ஆசி கூறி எழுதுவது. அருகன் அருளால் பெங்களூரில் நீ நலமாக இருப்பாய். இங்கே நாங்கள் நலமில்லை, அதற்குக் காரணம் நீ. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுகிறாய் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் நீ வந்திருந்தபோது என் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "இதுதான் ஃபைனல்", "அதுவும் இல்ல" என்று ஃபைல்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். "மாமா, கிட்டுன்னு ஒண்ணு இருக்குது. ஒரே ஃபைல் போதும். எப்ப இன்னா மாத்தினீங்கன்னு அதுவே ஞாபகம் வச்சுக்கும். அழிஞ்சதைக்கூட திரும்ப எடுத்துடலாம்" என்று அதை ஏற்றிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். நானும் வேறு வேலையே கிடைக்காதவன் போல என் மகள் பிரம்மியின் கல்யாணப் பத்திரிகையில் அதை ஆரம்பித்தேன்.

முதல் நாள் நீ காட்டிய கறுப்புத் திரையில் பத்திரிகையைத் திறந்தேன். உள்ளே போக முடிந்தது, வெளியே வர முடியவில்லை. கைக்கு அகப்பட்ட பொத்தானையெல்லாம் தட்டினேன், வரிகள் மறைந்தன, சில திரும்பி வந்தன. மெஷின் ஓட்டும் மணிமொழி எட்டிப் பார்த்து, "சார், கரண்ட்டைப் புடுங்கிடலாமா?" என்றாள். உனக்கு போன் போட்டால் மீட்டிங்காம். நீ திரும்பக் கூப்பிட்டு, சேமித்து வெளியேறும் வழியைச் சொன்னபோது வெயில் ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விட்டது. பொழுது சாய்ந்தபின் நம் சமணர் வீடுகளில் யாரும் கை நனைப்பதில்லை என்று உனக்குத் தெரியும். உன் அத்தை அனந்தமதி சோற்றை மூடி வைத்துவிட்டாள். விடியும்வரை பட்டினி கிடந்தேன்.

அதோடு விட்டதா? மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. வல்லத்தில் பெரியப்பா அபிநந்தனும் சித்தப்பா தரணேந்திரனும்தான் வளர்த்தார்கள். போர்வெல் தகராறில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. பெரியவர் கடைக்கு வந்து, "எம்பேரு கீழ போச்சுன்னா நான் மண்டபத்துல கால வைக்கமாட்டேன்" என்றார். மறுநாளே சின்னவர் வந்து அதையே சொன்னார். நீ போனில், "ஆளுக்கு ஒரு கிளை, அதான் தனிப் பிரதி, போடுங்க மாமா, அப்புறம் ரெண்டையும் ஒண்ணா மெர்ஜ் பண்ணிக்கலாம்" என்றாய். பெரியவர் கிளையில் அவரை மேலே போட்டேன், சின்னவர் கிளையில் இவரை மேலே போட்டேன். கம்ப்யூட்டர் நியாயம் சொல்லட்டும் என்று மெர்ஜ் கொடுத்தால், அது ஆங்கிலக் கொட்டை எழுத்தில், இங்கே சண்டை இருக்கிறது, நீயே தீர்த்துக்கொள் என்று சொல்லி, இரண்டு பேர் வரிசையையும் அம்புக்குறியும் கோடும் போட்டு ஃபைலுக்குள்ளேயே அடுக்கி வைத்தது. வல்லத்துச் சண்டையைப் பெங்களூர்க்காரன் கொடுத்த பெட்டியா எனக்குச் சொல்ல வேண்டும்? தலைவலியோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் எழுந்திருப்பதற்குள் மணிமொழி அந்த ஃபைலை அப்படியே எடுத்து அடித்து முடித்திருந்தாள். மேலே இடப்பக்கம் பார்த்த அம்புக்குறிகள், அதன்கீழ் அபிநந்தன், தரணேந்திரன். நடுவில் இரட்டைக் கோடு. பிறகு தரணேந்திரன், அபிநந்தன், அதன்கீழ் வலப்பக்கம் பார்த்த அம்புக்குறிகள். "புது டிசைன்னு நெனைச்சேன் சார், நல்லாத்தான் இருக்குது" என்கிறாள். நான் கடைக்கு வந்து அதைப் பார்ப்பதற்குள் உன் அத்தை தாம்பூலத் தட்டில் வைத்து இரண்டு வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். நீ சொன்னபடி ஃபைலைப் பழைய நிலைக்குத் திருப்பலாமாம். வல்லம் போன பத்திரிகையை எந்தப் பொத்தானைத் தட்டித் திருப்புவது?

ஜீவகா, எனக்கு அழுகை வருகிறது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஒரு புள்ளி பிசகாமல் அடித்துக் கொடுத்தவன், சொந்த மகள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன். போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தக் கிட்டை வேரோடு பிடுங்கிவிட்டுப் போ. எனக்கு என் பழைய ஃபைனல்களே போதும்.

உனக்கு எல்லா நலமும் சேரட்டும், வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
விருஷபதாஸ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் வல்லத்திலிருந்து இரண்டு போனும் வந்துவிட்டன. பெரியவர், "மேல நம்ம பேரு, கீழ ரெட்டைக் கோடு போட்டு அவன ஒதுக்கிட்டீங்க, சம்பந்தின்னா நீங்கதான்" என்றார். சின்னவர், "அம்பு எங்க பக்கந்தான் முடியுது, தீர்ப்பு கடைசியிலதான வரும்" என்றார். இருவரும் முதல் நாளே மண்டபத்துக்கு வருகிறார்களாம். ஆகையால் கிட்டைப் பிடுங்க வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வா. இப்போதுதான் பிரம்மி பத்திரிகையை முழுதாகப் படித்துவிட்டு, "நைனா, எல்லாரும் இருக்காங்க, உம்பேரு எங்க?" என்று கேட்டாள். தங்கள் வரவை விரும்பும் என்பதற்குக் கீழே வெறும் இடம்தான் இருக்கிறது, முதல் நாள் கறுப்புத் திரையில் மறைந்த வரிகளோடு அதுவும் போயிருக்கும். அழிந்ததை எடுத்துவிடலாம் என்றாயே, எங்கே இருந்தாலும் என் பெயரை எடுத்துக் கொடு, உள்ளூருக்குக் கொடுக்க மறுபடி அடிக்க வேண்டும். அம்புக்குறிகளை மட்டும் தொட்டுவிடாதே.