ஐஸ்கிரீம் பெட்டியில் ஒரு வண்டு

பாறசாலை முதல் பூவார் வரை, கரப்பான்பூச்சியை அடிக்க ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தி, "நில்லும், ஆணா பெண்ணாண்ணு பாத்துக்கிடட்டு" என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் வண்டு சார்.

நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் பூச்சிப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. கண்ணாடி மூடிய பெட்டிகளில் ஊசி குத்தி வைத்த வண்டுகள், வரிசை வரிசையாக. நானும் அவரும் ஒரே ரயிலில் வேலைக்குப் போவோம். பாச்சை உருண்டை வாசனை வந்தால் சார் ஏறிவிட்டார் என்று பெட்டி முழுக்கத் தெரியும். ஒரு கல்யாணத்தில், மணமக்களோடு படம் எடுக்கும் வரிசையிலிருந்து காணாமல் போனார். தேடிப் போனால், பந்தல் டியூப்லைட்டின் கீழே நாற்காலிமேல் நிற்கிறார். "மாப்பிள்ளைய எப்பமும் பாக்கலாம். இந்த விட்டில் இனி வராது" என்றார்.

எல்லாப் பூச்சிக்கும் பரிந்து பேசும் அவருக்கு ஒரே எதிரி, காய்ந்த பூச்சிகளைத் தின்னும் ஒரு சின்னப் புழு. அது பெட்டிக்குள் புகுந்தால் மிஞ்சுவது ஊசியும் தூளும்தான்.

ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது அந்தத் தூளைப் பார்த்துவிட்டார். அதுவும் எந்தப் பெட்டியில்? ஒற்றசேகரமங்கலத்து மலையோரத்தில் அவரே பிடித்து, உலகத்துக்கே முதன்முதலாகப் பெயர் சொன்ன வண்டின் பெட்டியில். பக்கத்து வண்டுகள் இரண்டு தூளாகியிருந்தன; அதை மட்டும் புழு இன்னும் தொடவில்லை. அந்தப் பெயருக்கு அந்த ஒற்றை வண்டுதான் சாட்சி. புழு சாக வேண்டுமானால் பெட்டியை இரண்டு வாரம் உறைய வைக்க வேண்டும். அருங்காட்சியகத்தின் உறைபெட்டியோ பழுது. மேலிடத்தில் அனுமதி வாங்கி, பெட்டியைப் பாலித்தீனில் சுற்றி மடியில் வைத்து ரயிலேறியவர், நேராகப் போனது லில்லி அக்காவின் பேக்கரிக்கு.

அக்காவுக்கு அவர்மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. கடை நிறைய ஆள் நிற்கையில் பிஸ்கட் பாட்டிலை உயர்த்திப் பிடித்து, உள்ளே நடந்த வண்டின் குடும்ப வரலாற்றையே விளக்கியவர் சார்.

"சாறே, இது ஐஸ்கிரீம் பெட்டியாக்கும். செத்த பூச்சிக்கு இடமில்ல."

"லில்லி, எனக்க பாதி ஆயுசு இதுக்குள்ள கிடக்கு."

அக்கா ஐஸ்கிரீம்களை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "சரி, வையுங்க. ஆனா எனக்க கடையில நின்னு பூச்சியப் பத்தி ஒத்த வார்த்தை மிண்டப்பிடாது. மிண்டினா பெட்டி ரோட்டுலயாக்கும்."

மாலைதோறும் சார் அந்த ஐஸ்கிரீம் பெட்டியருகே வந்து உட்கார்ந்தார், உதட்டை இறுக்கிக்கொண்டு. பழம்பொரிமேல் ஈ உட்கார்ந்தால் முகம் சிவக்கும், பேச்சு வராது. "மக்கா, சாறுக்குப் பல்லுவலியா?" என்று ஊரே என்னிடம் விசாரித்தது.

ஒரு சனிக்கிழமை, பன் வாங்கிப் போனவர் ஒருவர் திரும்பி வந்து கூச்சலிட்டார். "பாருங்கடே, பன்னுக்குள்ள வண்டு! இப்பமே ஃபுட் ஆப்பீசருக்குப் போன் பண்ணுகேன்!"

வெளிறிப்போன அக்கா சாரைப் பார்த்தார். சார் கூரையைப் பார்த்தார்.

"சாறே, சொல்லுங்க!"

சார் ஐஸ்கிரீம் பெட்டியைச் சுட்டிக் காட்டி, மாட்டேன் என்று தலையாட்டினார்.

"பெட்டி அங்கதான் இருக்கும். முதல்ல வாயத் தொறங்க!"

சட்டைப்பையிலிருந்து லென்ஸ் வெளியே வந்தது. "கால் இல்ல, சிறகு இல்ல. கரிஞ்ச கிஸ்மிஸ் ஆக்கும்."

வந்தவர் அதைக் கடித்துப் பார்த்து, "இனிக்கத்தான் செய்யுது" என்று ஒப்புக்கொண்டார். அக்காவின் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்துகிறவரா சார்? "வண்டு அந்த ரஸ்க் பாட்டில்லயாக்கும் உண்டு. நாலு நாளா பாக்கேன். நல்ல பெரிய குடும்பம்."

அக்கா ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "இருக்கும்ணு வாயால சொல்லிப்போட்டேனே" என்று முனகியபடி, வண்டுப் பெட்டியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிட்டு, ரஸ்க்கைக் குப்பையில் கவிழ்த்தார்.

இரண்டு வாரம் கழிந்து வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்க சார் விடவில்லை. குளிர் போகுமுன் திறந்தால் வண்டின்மேல் நீர் கோத்துவிடுமாம். தூங்கும் பிள்ளை விழிக்கட்டும் என்பதுபோல மடியில் வைத்திருந்து, பிறகு திறந்தார். மீசை முதல் கால் வரை வண்டு முழுசாக இருந்தது. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா எட்டிப் பார்த்தார். "இதுக்கா இந்தப் பாடு? எங்க கிணத்தடியில இதவிடப் பெருசு உண்டு."

"எங்க?" என்று சார் எழுந்துவிட்டார்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார்; ரயிலில் அந்த வாசனை இல்லை. பேக்கரியின் ஐஸ்கிரீம் பெட்டியில் மட்டும் ஒரு மூலை எப்போதும் காலியாகக் கிடக்கிறது. ஏன் என்று போன வாரம் கேட்டேன்.

"அது சாறுக்க இடமாக்கும்" என்றார் லில்லி அக்கா. "எப்பம் என்னத்தத் தூக்கிட்டு வருவாருண்ணு யாரு கண்டா?"