பணியாரக் கல்லில் எட்டு ராக்கர்

அந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் ஓடிய மோட்டார்கள் பெட்ரோலில் ஓடியதாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். எல்லாம் டேப்பட் அண்ணன் மேலிருந்த பயத்தில் ஓடின. இது என் கட்சி.

பீளமேட்டில் அவர் மெக்கானிக் ஷெட்டும் வீடும் ஒட்டினாற்போல் இருக்கும். பக்கத்து மில்லில் நான் குமாஸ்தா; சாயங்காலமானால் அவர் ஷெட்டில்தான் உட்கார்ந்திருப்பேன். டேப்பட் என்பது இஞ்சினில் ஒரு பாகம்; அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கே தெரியாது. மனிதர்களிடம் அநாவசியமாக நாலு வார்த்தை பேசமாட்டார். இஞ்சினிடம் மட்டும் அப்படியொரு மரியாதை. பானெட்டைத் திறந்ததும், "ஏனுங்க, எங்கீங்க நோவுது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். பதில் வந்துவிடும் என்பதுதான் விசேஷம்.

அறுபதுகளில் ஒருநாள், ஒரு மில்காரர் மகன் தன் ரேஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சின்ன முதலாளி என்போம். பத்து நாளில் பந்தயம். இஞ்சினை முழுக்கப் பிரித்து, முன்னைவிட வேகமாக ஓடும்படி கட்டித் தரவேண்டும். எல்லாம் புதிதாகக் கிடைத்தது, ராக்கரைத் தவிர. வால்வை அமுக்கித் திறக்கிற சின்ன நெம்புகோல்தான் ராக்கர். இந்த வண்டியில் அதன் நுனியில் ஒரு குட்டி உருளையும் உண்டு. புதிது வேண்டுமென்றால் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

"பழசையே போட்டுக்கலாமுங்க," என்றார் அண்ணன்.

"வேகத்துல ஒடஞ்சு போச்சுன்னா?" என்றார் சின்ன முதலாளி.

"ஒடஞ்சா ஷெட்டை இழுத்து மூடிப்போட்டு, துடியலூர்ல மச்சான் தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போயிர்றனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் சொன்னால் செய்துவிடுகிற ஆள்.

ஒவ்வொரு ராக்கரின் உருளையையும் கீழுதட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் பார்த்தார். சொரசொரப்பு விரலுக்குத் தெரியாதாம், உதட்டுக்குத் தெரியுமாம். எட்டும் தேறின. ஆனால் எது எந்த வால்வோடு தேய்ந்து பழகியதோ, அது அங்கேயேதான் திரும்பப் போகவேண்டும். மாறிவிடாமலிருக்க வீட்டுப் பணியாரக் கல்லைத் தூக்கிவந்து, குழிக்கு ஒன்றாக மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். கல்லில் ஒன்பது குழி. மிச்சமிருந்த குழியில் அவருடைய மூக்குப்பொடி.

மறுநாள் போனால் கல்லைக் காணோம். எட்டு ராக்கரும் ஒரு முறத்தில் குவிந்து கிடந்தன. துடியலூர் மச்சான் விருந்துக்கு வந்துவிட்டாராம். அண்ணன் சம்சாரம் கல்லைக் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டார்.

"ஏம்புள்ள, எது எந்தக் குழியில இருந்துச்சு?"

"எல்லாம் ஒண்ணாட்டத்தானுங்க இருந்துச்சு."

உள்ளே மச்சான் பன்னிரண்டாவது பணியாரத்தில் இருந்தார். மண்ணெண்ணெய் வாடை தெருவரைக்கும் வீசியது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாருக்குதுங்க. கொஞ்சம் வாசமா இருக்குதுங்க," என்றார். அக்கா வீட்டுப் பலகாரத்தைக் குறை சொல்ல எங்கள் ஊர் ஆளுக்கு வாய் வருமா?

அண்ணன் மறுபடி உதட்டில் உருட்ட ஆரம்பித்தார். ஆறு ராக்கர் தத்தம் இடத்தைச் சொல்லிவிட்டன. இரண்டு வாயைத் திறக்கவில்லை. எப்படியோ மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணன் நேரே சின்ன முதலாளி முன்னால் போய் நின்றார்.

"ரெண்டு மட்டும் எனக்கு அடையாளம் தெரியலீங்க. வேண்டாமின்னா இப்பவே சொல்லிப்போடுங்க."

அவர் அண்ணனுடைய கறுத்துப்போன உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மாட்டுங்கண்ணா. நான் ஓட்டறேன்."

பந்தயத்தன்று கூட்டம் கயிற்றை முட்டித் தள்ளியது. அண்ணன் மட்டும் பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் காது கொடுத்தார். கார் கடக்கிற ஒவ்வொரு சுற்றுக்கும், "எட்டும் இருக்குதுங்க," என்றார். கடைசிச் சுற்றில் ஒன்றும் சொல்லவில்லை. பிடி மட்டும் இறுகியது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

எட்டு ராக்கரும் உடையாமல் எங்கள் கார் இரண்டாவதாக வந்தது. அண்ணன் எழுந்துபோய் சுடுகிற பானெட்டில் கையை வைத்து, "ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க," என்றார்.

அன்றைக்குச் சின்ன முதலாளியைவிட அதிகமாகக் குதித்தவன் நான்தான். ஷெட் மூடாது. நாளைச் சாயங்காலமும் அங்கே போய் உட்காரலாம். இத்தனைக்கும் அப்போது எனக்கென்று ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.