சாதகம் என்று நான் சொன்னது

வெள்ளவத்தை
புதன்கிழமை

மதிப்புக்குரிய பெரியம்மாவுக்கு,

ஆறு கிழமைக்கு முன் நீங்கள் போனில் "ஆருடைய சாதகம்?" என்று கேட்டபோது, "நீங்கள் நினைக்கிற சாதகம் இல்லை, பெரியம்மா" என்று நான் சொல்லவில்லை. "யதுஷாவின்ரை" என்றும் சொல்லவில்லை. "என்ரைதான்" என்று மட்டும் சொன்னேன். இன்று உங்கள் கையில் இருக்கும் மூன்று மாப்பிள்ளைக் குறிப்புகளும் அந்த ஒரு சொல்லால் வந்தவை. சுகம் விசாரிக்க முன்னமே இதை எழுதுவதற்கு மன்னியுங்கள். இங்கே அப்பா, தங்கை யதுஷா, நான் மூவரும் சுகம். லண்டனில் அம்மாவும் அண்ணாவின் குழந்தையும் சுகமாம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் நின்றுகொண்டு வாசிக்கவேண்டாம்.

நடந்தது இதுதான். தை மாதம் அப்பா ஒரு தீர்மானம் எடுத்தார். யதுஷாவுக்கு இது ஏ.எல். சோதினை வருஷம், உயிரியல் படிக்கிற பிள்ளைக்குப் பாட்டு வகுப்புக் கூடாது. "சோதினை முடியட்டும். பாட்டு ஒரு இடமும் ஓடிப்போகாது" என்றார். கொட்டாஞ்சேனையில் ஒன்று, பம்பலப்பிட்டியில் ஒன்று, எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு என்று டியூஷனுக்கு அலைகிறவளுக்கு மிச்சமாக இருந்தது சனிக்கிழமைப் பாட்டு வகுப்பு மட்டும், அதுவும் நின்றது. ஏழு வயதிலிருந்து பாடுகிறவள், இந்த வருஷம் சங்கீதச் சோதினையில் ஆறாம் தரம் எடுக்க இருந்தவள். அழுவாள் என்று பார்த்தேன். "சரி அப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் "சரி அப்பா"தான். புட்டென்றாலும் சரி, பாண் என்றாலும் சரி. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள், சத்தமில்லாமல் சாப்பிட்டாள். அப்பாவோ "பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டுது" என்று அம்மாவுக்கு லண்டனுக்கு அறிவித்தார். நான் யாருடைய விஷயத்திலும் தலையிடுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். புத்தகத்தோடு ஒரு மூலை கிடைத்தால் போதும். ஆனால் எனக்கே பயம் வந்தது. என் தங்கை இரண்டு கிழமையாக என்னோடு ஒரு சண்டை பிடிக்கவில்லை, பெரியம்மா. என் சட்டை ஒன்றையும் கேளாமல் எடுத்துப் போடவில்லை. மாசி மாதச் சோதினையில் புள்ளியும் குறைந்தது. அதற்கும் "சரி"தான்.

ஆகவே அவளை விடிய ஐந்தரைக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். ஆறு மாடிக்கு மேலே, தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவில், ஒரு பக்கம் கடற்கரைத் தண்டவாளத்தில் ஓடும் கோச்சி, மறுபக்கம் காலி வீதி பஸ். அந்த இரைச்சலில் இரண்டாம் மாடியில் இருக்கும் அப்பாவுக்கு ஒன்றும் கேட்காது. நடக்கப் போகிறோம் என்று அவரிடம் சொன்னேன், அவர் அதை அப்படியே உங்களிடம் சொன்னார், நீங்கள் எனக்குப் போன் எடுத்தீர்கள்.

"ரெண்டு பெட்டையளும் விடியக்காலமை மேல போய் என்னடி செய்யிறியள்?"

"சாதகம், பெரியம்மா."

வாய் தவறி உண்மை வந்துவிட்டது. பாட்டுக்காரர் தங்கள் அன்றாடப் பயிற்சிக்குச் சொல்லும் சொல் அது, யதுஷாவிடம் கேட்டுப் பழகியது. நீங்கள் கிரகம் இருக்கிற சாதகத்தை நினைப்பீர்கள் என்று நான் கனவிலும் எண்ணவில்லை. "ஆருடைய?" என்றீர்கள். யதுஷாவின் பெயரைச் சொன்னால் பத்து நிமிடத்தில் அப்பாவுக்குப் போய்விடும் என்பதால் என் பெயரைச் சொன்னேன்.

"பிள்ளையாரே! இருபத்தேழு வயசிலயெண்டாலும் உனக்குப் புத்தி வந்துதே! எந்தச் சாத்திரியாரடி? விடியவெள்ளண்ண நிக்கச் சொன்னவரோ? செவ்வாய் தோஷத்துக்கோ?"

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. மிச்சத்தை நீங்களே முடித்துக்கொண்டீர்கள்.

அன்று பின்னேரமே அப்பாவுக்குப் பரிகாரத்தின் முழு விபரமும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. மறுநாள் ஒரு செம்பு தண்ணீரைக் கையில் தந்து, "கிழக்கைப் பார்த்து நில், கடல் பக்கம் மேற்கு, மாறி நிண்டுடாதை" என்றார். துணைக்கு யதுஷாவைக் கட்டாயம் கூட்டிப்போகச் சொன்னார். அதோடு விட்டாரா? லிஃப்டுக்குள் தன் அழகான கையெழுத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்: "காலை 5.30 முதல் 6.30 வரை மேல்மாடியில் சாதகம் நடைபெறுவதால் இடையூறு செய்யவேண்டாம்." பெரியம்மா, அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. மூன்றாம் மாடி அன்ரி மகளின் சாதகக் குறிப்போடு மூச்சு வாங்க ஏறி வந்தார். ஐந்தாம் மாடிப் பிள்ளை ஒன்று வயலின் பெட்டியோடு வந்து, "அக்கா, நானும் சாதகம் செய்யலாமோ? வீட்டில தம்பி படிக்கிறானாம், வாசிக்கவேண்டாமாம்" என்றாள். அன்ரியை அனுப்பிவிட்டு வயலினை வைத்துக்கொண்டோம்.

பலீலா அன்ரியும் அங்கேதான் பழக்கமானார். முதலாம் மாடியில் இருக்கிறவர், விடிய சுபஹ் தொழுகை முடித்துவிட்டு உடுப்புக் காயப்போட வருவார். நான் யதுஷாவுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இரண்டு தரம் தட்டும் வீச்சும். அவர் பக்கத்தில் நின்று தன் விரலில் தஸ்பீஹ் துதியை எண்ணிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எத்தின, புள்ள?"

"எட்டு, அன்ரி."

"எட்டுத்தானா? எனக்கு முப்பத்திமூணு. நீங்க சுருக்கா முடிச்சிடுறீங்களே!"

ஒருநாள் யதுஷாவுக்குத் தொண்டை கட்டி நாங்கள் போகவில்லை. அடுத்த நாள் அவர், "நேத்து ஏன் வரல்ல? ஈர உடுப்ப வெச்சிட்டு நிண்டுட்டே இருந்தன்" என்றார். பிறகு மெல்ல, "ஒங்கட அப்பாக்கிட்ட நான் ஒண்டும் சொல்லல்ல" என்றார். நாங்கள் ஒன்றும் கேட்காமலே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது.

எனக்குப் பாட்டு வராது. அதனால்தானோ என்னவோ, அது அவளுக்கு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் வாசித்தவை எல்லாம் இசை படித்தால் மூளை வளரும், கணக்கு வரும் என்கின்றன. யதுஷாவுக்குக் கணக்கு வந்ததாகத் தெரியவில்லை. முதலில் கோபம்தான் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் என் நீலச் சட்டை காணாமற்போனது, எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஐந்தாம் நாள் "ஏலாது அப்பா, எனக்குப் பாண் வேண்டாம்" என்றாள். டியூஷனில் ஒரு பிழை விட்டால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறார்கள், அந்த வட்டம் தாளிலேயே இருக்கிறது. மேலே அவள் பாட்டில் ஒரு சங்கதியில் பிழை விட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து எடுக்கிறாள். பழைய பிழை எங்கேயும் இருக்காது. அவளுடைய நாளில் அப்படியான ஒரு மணித்தியாலம் வேறு இல்லை. அது மட்டும்தான் காரணமா, அல்லது வாய் திறந்து சத்தமிட ஒரு இடம் கிடைத்ததா, எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. நீங்களும் சின்ன வயதில் பாடினீர்கள் என்று அம்மா சொல்வார். உங்களுக்கு அது என்ன செய்தது? எப்போதாவது எழுதுங்கள்.

இப்போது சங்கடம். வருகிற சனிக்கிழமை யதுஷாவுக்கு ஆறாம் தரச் சோதினை. என் கையொப்பத்தோடு நான்தான் விண்ணப்பம் அனுப்பினேன். நீங்களோ அடுத்த வெள்ளி கோச்சியில் மாப்பிள்ளையின் தாயாரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்கிறீர்கள். அவருடைய மகனுக்கும் செவ்வாய் என்பதால் அவரும் என்னோடு மேலே நின்று பரிகாரத்தைப் பார்க்க விரும்புகிறாராம். நான் என்ன செய்து காட்டுவது, பெரியம்மா? எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம். எந்தச் சாத்திரியாரையும் நான் கண்டதில்லை. செம்புத் தண்ணீரை ஆறு கிழமையாகப் பலீலா அன்ரியின் கற்பூரவள்ளிக்குத்தான் ஊற்றுகிறோம். அந்தத் தாயாரிடம் ஏதாவது சொல்லி நிறுத்துங்கள். அதைவிட முக்கியம், சனிக்கிழமை முடியும்வரை அப்பாவுக்கு ஒரு சொல்லும் போகக்கூடாது. போனால் அவள் திரும்பவும் "சரி அப்பா" ஆகிவிடுவாள். என்னை எவ்வளவு ஏசினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் ஏச்சும் ஆசியும் எந்த ஒழுங்கில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்,

உங்கள் பெறாமகள்
நிருஷா

பி.கு. (ஞாயிற்றுக்கிழமை): இதை ஒட்டி, வியாழக்கிழமை தபாற்கந்தோர்ப் பக்கம் போகிற அப்பாவிடமே கொடுத்தேன். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். பாரம் கூட, முத்திரை காணாது என்றார்களாம். ஒரு தாளைக் குறைக்கலாம் என்று உடைத்து, எந்தத் தாள் தேவையில்லை என்று பார்க்க முழுவதையும் வாசித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கடிதத்தை என் மேசையில் வைத்து, "மூண்டாம் பக்கத்தில ஒரு எழுத்துப்பிழை" என்றார். மாப்பிள்ளையின் தாயாருக்கு அவரே போன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே மேலே நான் கேட்டது ஒன்றையும் நீங்கள் செய்யத் தேவையில்லை. நேற்று யதுஷாவைச் சோதினைக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். அவள் கீர்த்தனையின் நடுவில் மறந்துபோய் நின்றுவிட்டாள், சோதினையில் சித்தியடையமாட்டேன் என்று அவளே சொல்கிறாள். இன்று விடிய ஐந்தரைக்கு அவள் மேலே போனாள். அப்பாவும் போனார். நான் ஏழு மணிவரை நித்திரை கொண்டேன்.