நுரை போட்ட அண்ணாச்சி

வளைகுடாவில் இருக்கிற பம்புகளில் பாதி கரண்டில் ஓடுகின்றன. மீதிப் பாதி அண்ணாச்சிக்குப் பயந்து ஓடுகின்றன.

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் சீனியர் மெக்கானிக் அவர். ஊர் தூத்துக்குடிப் பக்கம். நிஜப்பெயர் விசாவில் இருக்கிறது. மலையாளி, பாகிஸ்தானி, பிலிப்பினோ எல்லோருக்குமே அவர் அண்ணாச்சிதான். ரிப்பேருக்கு வரும் பம்பை முதலில் திட்டுவார். "சவமே, சோம்பேறித்தனமா ஒனக்கு?" என்று ரெண்டு தட்டு. அதற்கே சில பம்புகள் ஓடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் படித்த எஞ்சினியர். எனக்காக ஒரு பம்பும் அப்படி ஓடியதில்லை.

போன கோடையில் அல் ஐன் பக்கம் ஓர் ஒட்டகப் பண்ணையிலிருந்து போன் வந்தது. அங்கே பால் கறப்பது மெஷின். பம்பு காற்றை உறிஞ்சும். அந்த இழுப்பு குழாய் வழியாகப் போய் மடியில் மாட்டிய கப்பைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு இழுப்பே இல்லை. மாட்டிய கப்பெல்லாம் பொத்து பொத்தென்று விழுந்தன. நானும் அண்ணாச்சியும் வேனில் போய் இறங்கியபோது, காலையிலிருந்து கறக்காத நாற்பது ஒட்டகங்கள் மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன.

"பம்ப் கராப் ஹை, நயா லாவோ" என்றார் மேனேஜர் கான் பாய். பம்பு கெட்டுவிட்டதாம், புதுசு வேண்டுமாம்.

நானும், "மாத்திரலாம் அண்ணாச்சி" என்றேன்.

"சும்மா கெடயும் வே" என்று அண்ணாச்சி பம்பின் வாயில் இருந்த வால்வை மூடினார். மீட்டர் முள் விறுவிறுவென்று மேலே போய் நின்றது. "பாத்தீரா? பம்பு கல்லு மாதிரி இருக்கு. குழாயில எங்கயோ ஓட்ட. காத்து உள்ள போவுது."

ஓட்டையின் 'உஸ்' சத்தம் கேட்க வேண்டுமாம். அந்த வெயிலில் எல்லா ஃபேனையும் நிறுத்தச் சொன்னார். எங்களை மூச்சுவிடாமல் நிற்கச் சொன்னார். அசைபோட்ட ஒட்டகங்களையும் அதட்டினார். நாங்கள் கேட்டோம். அவை கேட்கவில்லை.

உடனே பையிலிருந்து ஷேவிங் நுரை டப்பாவை எடுத்தார். "ஓட்ட இருக்க எடத்துல நுரைய உள்ள இழுத்துரும்." கொட்டகை முழுக்க, இணைப்புக்கு இணைப்பு, வெள்ளையாக அப்பிக்கொண்டே போனார். திரும்பி வந்து பார்த்தால் முதல் ஒன்பது இடத்தில் நுரையே இல்லை!

"ஒம்போது லீக்கு அண்ணாச்சி!" நான் நோட்டில் எழுதி, லைன் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கான் பாயிடம் விளக்கவே ஆரம்பித்துவிட்டேன். கான் பாய் தலையில் கைவைத்தார்.

"வே எஞ்சினியரே, இங்க பாரும்."

பத்தாவது இணைப்பில் ஒரு கிழட்டு ஒட்டகம் நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. மேலுதட்டில் வெள்ளை மீசை.

மறுபடி நுரை. இந்த முறை நான், கான் பாய், ரெண்டு தொழிலாளிகள் ஆளுக்கொரு இடத்தில் காவல். என் தோளில் ஓர் ஒட்டகம் மோவாயை வைத்துக் காத்திருந்தது. கடைசியில், எந்த ஒட்டகமும் எட்டாத மூலை வளைவில், நுரை மெல்லக் குழிந்து உள்ளே போனது. வெயிலில் வெடித்த ஒரு ரப்பர் வளையம். மாற்றினார். முள் ஏறியது. கப்புகள் விழாமல் மடியைப் பிடித்துக்கொண்டன. குழாயில் பால் ஓடியது. கொட்டகையில் கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது.

"அண்ணாச்சி, ஆப் டாக்டர் ஹை!" என்று கட்டிக்கொண்டார் கான் பாய்.

"டாக்டர் மாஃபி பாய். நாளைக்கு ஷேவிங்குக்கு நுரை கலாஸ், அதான் கவலை." வளைகுடா அரபியில் மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் தீர்ந்தது.

திரும்பும்போது அவர்தான் வேனை ஓட்டினார். என் வீட்டில் கைக்குழந்தை. மூன்று வாரமாக எனக்குத் தூக்கமில்லை. பண்ணை கேட்டைத் தாண்டியதும் தூங்கிவிட்டேன். விழித்தபோது வேன் சாலையோரம் நின்றிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வெளியே, கொதிக்கிற வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியை இறக்கி, "உள்ள உக்காந்து பேசக் கூடாதா அண்ணாச்சி?" என்றேன்.

"வண்டிக்குள்ள சிக்னல் இல்ல வே. நீரு தூங்கும்."

என் போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் முழுசாக இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.