அம்மாவுக்குக் காட்டிய கை

கையைச் சும்மா வைத்துக்கொண்டு பேசுவது சிலருக்கு வராது. எனக்கு அறவே வராது. போனில் பேசும்போதுகூட எதிரில் ஆள் நிற்பதுபோல் கையை ஆட்டுவேன். அப்படிப்பட்டவளிடம் கையை ஆட்டுவதையே வேலையாகக் கொடுத்தார்கள். நடந்ததற்கு அவர்களும் கொஞ்சம் பொறுப்பு என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். (சும்மா, ஒரு ஆறுதலுக்குத்தான்.)

தம்புள்ளைக்கு அப்பால், சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கும் சின்ன விமானங்களுக்கென்று ஒரு ஓடுதளம் இருந்தது. அங்கே நான் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு கைகளிலும் ஆரஞ்சு நிற மட்டைகளைப் பிடித்தபடி விமானத்துக்கு முன்னால் நின்று, தரையில் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று விமானிக்குச் சைகை காட்ட வேண்டும். பயிற்சிப் பரீட்சையில் நான்தான் முதலாவது. மட்டையும் மஞ்சள் அங்கியுமாக ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அம்மா ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். உடனே போன் வந்தது.

"இந்த மட்டைய வச்சிக்கிட்டு என்னா புள்ள செய்ற?"

"ப்ளேனுக்கு வழி காட்டுறேம்மா."

"ஏன், ஓட்டுறவருக்குக் கண்ணு தெரியாதா?"

"ரெக்கை ரொம்ப நீளம்மா. அதோட ஓரம் எங்க முட்டும்னு உள்ளுக்கு இருக்கிறவருக்குச் சரியா தெரியாது."

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. நேரிலேயே பார்த்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ரொட்டியும் காரமான தேங்காய்ச் சம்பலும் கட்டிக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்துவிட்டார்.

அன்றைக்கென்று பார்த்து ஒரே பரபரப்பு. நான்கு வெள்ளைக்காரப் பயணிகள். மாலைக்குள் கட்டுநாயக்கா பெரிய விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஊருக்குப் போகும் விமானத்தைப் பிடிக்கலாம். நாங்கள் நின்ற இடத்தில் மழைக்கு முந்திய வெயில் மண்டையைப் பிளந்தது. தெற்கே மலைப் பக்கம் வானம் கறுத்து, மேகம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எங்கள் சுப்பவைசர் ராஜன் அண்ணன் கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

விமானம் நகரும்போது முன்னால் ஒருவர் சைகை காட்ட வேண்டும். இறக்கை நுனியோடு இன்னொருவர் நடந்து, எதிலும் முட்டாமல் பார்க்க வேண்டும். அதுதான் சட்டம். இறக்கையைப் பார்க்கும் சுனில் அண்ணனை, அடுத்து இறங்கப்போகும் விமானத்துக்கு அனுப்பிவிட்டார் ராஜன் அண்ணன்.

"ஸ்டெல்லா, மழைக்கு முந்தி இதக் கெளப்பிரணும். ஒத்தையா சமாளிப்பியா?"

"சமாளிப்பேண்ணே."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மூளை யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. (முதலாவதாகப் பாஸான வாய் அல்லவா.) வேலி ஓரத்தில் பயணிகள் தேநீர் குடிக்கப் போட்டிருந்த கூடாரத்தையும் தள்ளி வைத்திருக்க வேண்டும். விமானம் நேராகத்தானே போகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

எஞ்சின் உறுமியது. காது மூடியைப் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் வீசி, வா வா என்று அழைத்தேன். விமானம் மெல்ல நகர்ந்தது. அப்போதுதான் என் வலப்பக்கம், வேலிக்கு அந்தப் புறம், கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அம்மா நிற்பதைப் பார்த்தேன்.

ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. அந்த வெயிலில் மயங்கி விழுந்துவிடுவாரோ என்று மனம் துடித்தது. வேலியோரம் சற்றுத் தள்ளி ஒரு பெரிய மரம். வலது கையை அந்த மரத்தை நோக்கி நீட்டி, இடது கையை வீசி வீசி, "அங்க போய் நெழல்ல நில்லுங்கம்மா" என்றேன்.

வலது கையை நீட்டி இடது கையை வீசினால், விமானி தன் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று பொருள். அந்தக் கேள்விக்கு நான் முழுப் புள்ளி வாங்கியிருந்தேன்.

விமானம் திரும்பியது. அம்மா அசையவில்லை. அவ்வளவு பெரிய யந்திரத்தை மகள் தனக்குக் காட்டத்தான் திருப்புகிறாள் என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார். நான் மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்து, நில் என்று காட்டுவதற்குள் இறக்கை நுனி கூடாரத்தைப் பிடித்துவிட்டது. கூடாரம் சாய்ந்து தேநீர்க் கோப்பைகள் மேல் படுத்தது. இறக்கை நுனி விளக்கு உடைந்து விழுந்தது. விமானம் நின்றது. அம்மாவுக்கும் இறக்கைக்கும் நடுவில் வேலியும் பத்தடியும்தான் இருந்தன.

எஞ்சின் அடங்கியது. காது மூடியைக் கழற்றினேன். முதலில் கேட்டது அம்மாவின் குரல்:

"போதும் புள்ள. நல்லா தெரியுது."

விமானி இறங்கி வந்தார். நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசாதவர். ஏன் திருப்பச் சொன்னாய் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

"மாத்தயா, வெரத்த மகே," என்றார் அம்மா வேலிக்கு அந்தப் புறமிருந்து. ஐயா, தப்பு என்னுடையது, பிள்ளை என்னைத்தான் நிழலுக்குப் போகச் சொன்னாள், பாவம் உங்கள் ப்ளேன் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டது என்று தோட்டத்துச் சிங்களத்தில் விளக்கினார். விமானி அம்மாவைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

பயணிகளை வேனில் ஏற்றினோம். வழியில் பசிக்கும் என்று எனக்குக் கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் அம்மா அவர்களிடம் கொடுத்துவிட்டார். (விமானத்தைப் பிடித்துவிட்டோம், சம்பல் இன்னும் எரிகிறது என்று பிறகு செய்தி வந்தது.)

மழை கொட்டத் தொடங்கியது. அலுவலகத்தில் ராஜன் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "காத்துக்குக் கூடாரம் சாஞ்சி ரெக்கையில பட்டிருச்சின்னு எழுதிருவோம். இல்லாட்டி ஒன் வேலை போயிரும் ஸ்டெல்லா."

எனக்கு அந்தக் காற்று மிகவும் பிடித்திருந்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அதற்குள் விமானி தான் எழுதிய தாளை மேசையில் வைத்தார். 'அந்தச் சைகை எனக்குச் சந்தேகமாக இருந்தது. நின்று கேட்டிருக்க வேண்டும். மழைக்கு முன் போய்விடும் அவசரத்தில் நிற்கவில்லை.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். அந்த நரைத்த மீசை அப்படி எழுதிய பிறகு நான் காற்றின்மேல் எப்படிப் பழி போடுவது? அம்மாவுக்குக் கை காட்டினேன் என்று எழுதினேன். ராஜன் அண்ணன் என் பேனாவை வாங்கி, இறக்கை பார்க்கும் ஆளைத் தானே அனுப்பிவிட்டதாகக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வேலை போகவில்லை. ஒரு மாதம் என் கையில் மட்டைக்குப் பதில் விளக்குமாறு கொடுத்தார்கள். இறக்கைக்கு ஆள் இல்லாமல் எந்தச் சக்கரமும் அங்கே அதன்பிறகு உருண்டதில்லை. இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். முதல் பாடம் இந்தக் கதைதான்.

வீட்டில் இது வேறு விதமாக வாழ்கிறது. என் கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் போட்டோ எடுக்க, சொந்தக்காரர்களை இந்தப் பக்கம் வரச் சொல்லிக் கையை நீட்டினேன். எல்லாரும் நகரப் போனபோது அம்மா குறுக்கே கையைப் போட்டு மறித்தார்.

"கொஞ்சம் நில்லுங்க. இது நமக்கா, ப்ளேனுக்கான்னு கேட்டுக்கிட்டுப் போவோம்."

ஃபாதர்கூடச் சிரித்துவிட்டார். இப்போது என் மகளுக்கு நான்கு வயது. குளிக்கப் போ என்று கை காட்டினால் இடத்தை விட்டு நகராமல் கேட்கிறாள்: "எனக்கா, ப்ளேனுக்கா?"

"உனக்குத்தான்" என்று நான் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் போகிறாள்.