மண்வெட்டியோடு ஒரு டென்மார்க் துரை

தஞ்சாவூர் ஜில்லாவில் டென்மார்க் தேசத்துக்கு ஒரே ஒரு பிரதிநிதிதான் இருந்தார். தினமும் காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போவார். இந்த விஷயம் டென்மார்க் தேசத்துக்குக் கடைசிவரை தெரியாது.

நான் அப்போது தாலுகா ஆபீஸில் புது குமாஸ்தா. மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். குடிபோன மறுநாளே வாய்க்கால் கரையில் என் சைக்கிளை மறித்தார் ஒருவர். இடுப்பில் ஒரு துண்டு, முழங்கால் வரை சேறு.

"ஆபீஸ் தம்பிங்களா? நான் டேனிஷ்காரன். எனக்குக் கடுதாசி ஏதும் வந்தா சொல்லுங்க."

"எங்கேருந்து வரணும்?"

"இது என்ன கேள்வி தம்பி? டென்மார்க்குலேருந்துதான்."

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ஓட்டர் லிஸ்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பார். "டென்மார்க்" என்றால் உடனே நிற்பார்.

தரங்கம்பாடிக் கோட்டையில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில் அவருடைய முப்பாட்டனுக்கும் பாட்டன் ஒருவர் அங்கே வெள்ளைக்காரச் சிப்பாயாக இருந்தாராம். சாட்சி யார் என்று கேட்கக் கூடாது. நிறத்தைப் பற்றி யாராவது இழுத்தால் அதற்குப் பதில் தயாராக இருந்தது.

"தஞ்சாவூர்ச் சேத்துல தோய்ச்ச வேட்டி எத்தினி நாளைக்கு வெள்ளையா இருக்கும்? ஒரு போகம் தாங்குமா? நாங்க ஆறு தலைமுறையா சேத்துல நிக்கிறோம் தம்பி."

ஒரே ஒரு ஆதாரம் மட்டும் கைவசம் வைத்திருந்தார். கைவசம் என்பது தவறு, காதுவசம். இடது காதில் ஒற்றைச் செம்பட்டை முடி. புதிதாக யார் ஊருக்கு வந்தாலும் வெயில் படும்படி தலையைச் சாய்த்துக் காட்டுவார். முடிவெட்டுபவருக்குக் கண்டிப்பான உத்தரவு உண்டு. அப்படியும் ஒருநாள் அவர் பேச்சு சுவாரசியத்தில் கத்தரியை ஓட்டிவிட்டார். டென்மார்க் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அந்த வீட்டில் துக்கம் விசாரிக்காத குறைதான். ஒரு மாதம் கழித்து என் அறைக்கு வந்து காதை நீட்டினார்.

"பாருங்க தம்பி. இப்ப ரெண்டு. வம்சம் விருத்தியாவுது."

மார்கழியில் ஊரே துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடுங்கும். இவர் வெற்று மார்போடு இடுப்பளவு வாய்க்கால் தண்ணீரில் நிற்பார். "எங்களுக்கு இதெல்லாம் கோடை" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பற்கள் நான்கு தடவை தந்தியடித்துவிடும். அடுத்த நாள் காய்ச்சல். அவர் மனைவி அஞ்சலை சுக்குக் கஷாயத்தோடு முன்னால் நிற்பார்.

"டென்மார்க்குல சுக்கு கெடைக்காது. இங்கயே குடிச்சிட்டுப் போங்க."

இத்தனைக்கும் அது எப்பேர்ப்பட்ட காலம்? புதிதாக வந்த ஆட்சி மேடைக்கு மேடை தமிழன், தமிழன் என்று முழங்கிக்கொண்டிருந்தது. ஊரே மார்தட்டித் தமிழனாகிக்கொண்டிருந்தபோது இவர் ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தார். இன்னொரு பக்கம் கூலிச் சண்டை, நிலச் சண்டை என்று டெல்டா கொதித்துக்கொண்டிருந்தது. அவர் இருந்த தெரு முழுக்க விவசாயக் கூலிகள். சங்கத்தில் வீட்டுக்கு ஒரு சிவப்புக் கொடி கொடுத்தார்கள். எல்லாரும் ஏற்றினார்கள். இவரும் ஏற்றினார், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெள்ளைப் பட்டை தைத்து. வெள்ளைக்கு அஞ்சலையின் பழைய புடவை.

சங்கத் தலைவர் அலறியடித்துக்கொண்டு வந்தார். கட்சிகள் வாரத்துக்கொன்று உடைந்துகொண்டிருந்த நேரம்.

"தோழர், நம்ம சங்கம் எப்ப ஒடைஞ்சிது? எனக்குத் தகவலே வரலையே."

"ஒடையல தோழர். இது எங்க நாட்டுக் கொடி. சும்மா கெடந்த துணிதானே, ரெண்டுக்கும் ஆவட்டும்னு."

தலைவர் நெடுநேரம் கொடியைப் பார்த்தார். கடைசியில் வெள்ளையில்லாத இன்னொரு கொடியைக் கொடுத்து, இதை மேலே கட்டு, அதைக் கீழே கட்டு என்று சமாதானம் பேசிவிட்டுப் போனார்.

ஒருநாள் நான் கேட்டே விட்டேன். "ஊர் பூராச் சிரிக்குதே, உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

மிராசுதாரின் காரியஸ்தர் அப்போதுதான் எங்களைத் தாண்டிப் போனார். தெருவில் எல்லாரையும், தலை நரைத்தவர்களைக்கூட, "டேய்" என்று கூப்பிடுகிறவர். இவரைப் பார்த்து மட்டும், "என்ன தொரை, சௌக்கியங்களா?" என்று இளித்துவிட்டுப் போனார்.

"கேட்டீங்களா தம்பி? கேலிதான். ஆனா 'டா' இல்ல பாருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருஷமோ என்னவோ, குடிசை போட்டிருப்பவர்களுக்கு அந்த மனைக்கட்டைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. தெருவில் முப்பது வீடு. எல்லாமே மிராசுதார் நிலத்தில். டென்மார்க்கின் குடிசையிருந்த இடத்தில் நெற்களம் போட வேண்டும் என்று காரியஸ்தருக்கு ரொம்ப நாளாகக் கண். மற்ற இருபத்தொன்பது பேர்மேல் சொல்ல ஒன்றுமில்லை. இவர்மேல் மட்டும் ஆட்சேபணை மனு கொடுத்தார். பட்டா கேட்கும் மனுதாரர் தானே ஒப்புக்கொண்டபடி டென்மார்க் தேசத்தவர், அந்நியருக்குப் பட்டா கூடாது.

விசாரணைக்கு முதல் நாள் அந்தக் குடிசையில் ரகளை. எனக்கு வாசல்வரை கேட்டது.

"ஏங்க, காலையில ஒரு மணி நேரம் மட்டும் தமிழனா இருந்துட்டு வாங்க. மத்தியானச் சோத்துக்கு டென்மார்க்கா வந்துக்கலாம்."

"அது முடியாது அஞ்சல."

"வீடு போயிடுங்க. பொண்ணு பிள்ளைப்பேறுக்கு எங்க வருவா?"

அஞ்சலை அழுதது கேட்டது. நான் மெதுவாக நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் விசாரணை. மேஜைக்குப் பின்னால் ஆபீசர், பக்கத்தில் எழுத நான். காரியஸ்தர் தன் சாட்சியாக மாரிமுத்துவைக் கூப்பிட்டார். அந்தத் தெருவில் டென்மார்க்கை அதிகமாகக் கேலி செய்கிறவன் என்பதால் தேர்ந்தெடுத்திருந்தார், யாருக்கு யார் உறவு என்று விசாரிக்கவில்லை.

"இவரு தன்னை டேனிஷ்காரன்னு சொல்லிக்கிறது உண்டா இல்லியாடா?"

"தெனமும் சொல்லுவாருங்க."

"நீ என்ன நெனக்கிற?"

"டேனிஷ்காரருதாங்க. சந்தேகமே இல்ல."

காரியஸ்தர் ஆபீசரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். மாரிமுத்து அதோடு நிறுத்தவில்லை.

"நானும் டேனிஷ்தாங்க."

"நீ எப்படிடா?"

"எங்கம்மா அவரு கூடப்பொறந்த அக்காங்க. எனக்குத் தாய்மாமனும் அவருதான். அவரு பொண்ணைத்தான் கட்டியிருக்கேன், மாமனாரும் அவருதான். அப்ப என் பொண்டாட்டியும் டேனிஷ். பொறக்கப்போற புள்ளைக்கு ரெண்டு பக்கமும் டேனிஷுங்க."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். "தெருவுல மத்தவங்க?"

"முப்பது வீடும் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்ததுங்க. ஒருத்தரு டேனிஷ்னா பாக்கிப் பேரு எங்க போறது?"

"அப்ப ஒரு தெருவே அந்நிய நாட்டுக்காரங்களா?"

"கணக்கு அப்படித்தாங்க வருது. அந்நியருன்னு எழுதிட்டா நாங்க இந்த நாட்டுல வேலை பாக்கலாமா கூடாதாங்க? அடுத்த வாரம் நடவு இருக்கு."

கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து சிரிப்பு கிளம்பியது. காரியஸ்தர் சிரிக்கவில்லை. மிராசுதாரின் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

ஆபீசர் டென்மார்க்கையே நேரே கேட்டார். "நீங்க சொல்லுங்க. நீங்க யாரு? டேனிஷ்காரரா, இந்த ஊர்க்காரரா?"

அஞ்சலை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கணக்கில் ஒரே ஒரு பொய்தான் வேண்டியிருந்தது. டென்மார்க் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அய்யா, கோட்டைய இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டு எல்லாரும் கப்பல் ஏறுனாங்க. ஏறிப் போனவங்களுக்குப் பட்டா குடுக்காதீங்க, அது நியாயம். எங்க பாட்டன் ஏறல. கப்பல் நிக்குது, எடமும் இருக்கு, வான்னு கூப்புடுறாங்க, இந்த ஊருதான் வேணும்னு கரையிலயே நின்னுட்டாரு. இங்க இருக்கிறவங்க எல்லாம் பொறந்ததால இந்த ஊர்க்காரங்க. நாங்க ஒருத்தங்கதான் பாத்து, யோசிச்சு, பிரியப்பட்டு இந்த ஊர்க்காரங்க. முறையாப் பாத்தா மொதப் பட்டா எனக்குத்தாங்க."

ஆபீசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காரியஸ்தரிடம், "உங்க ஆட்சேபணை தள்ளுபடி" என்றார். அஞ்சலை தூணை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விசாரணைக் குறிப்பு எழுத வேண்டியது நான். குமாஸ்தாவுக்கு ஒரு கவசம் உண்டு. "என்று மனுதாரர் கூறுகிறார்." எதிரில் நிற்பவர் வானத்தை வில்லாக வளைத்தேன் என்றாலும் எழுதிவிடலாம், இந்த மூன்று வார்த்தையைக் கடைசியில் ஒட்டிவிட்டால் நம் தலை தப்பும். அது இல்லாமல் ஒரு வாக்கியம்கூட எழுதாதே என்றுதான் எனக்கு முதல் பாடம்.

நான் எழுதினேன்: "மனுதாரர் டேனிஷ் வம்சத்தைச் சேர்ந்தவர். இவ்வூரில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்." முற்றுப்புள்ளி வைத்தேன். ஆபீசர் படித்தார். அவர் பேனா அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் போய் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அந்த டேனிஷ் சிப்பாயை நான் ஒரு நிமிஷம்கூட நம்பியதில்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது "கூறுகிறார்" என்று போட எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் வராது.